ஹெபரினுக்கு அடங்காத இரத்தம்

முப்பத்தொரு வருடம் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு, போன மாதம் பிரஷர் மருந்து எடுக்கிற நோயாளியாகப் போயிருந்தேன். வரிசையில் இருந்த என்னைச் சிறுநீரகப் பிரிவில் இப்போது வேலை செய்யும் நுஸ்ரத் என்ற தாதி கண்டுவிட்டாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தேநீர் ஊற்றித் தந்துவிட்டு ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தாள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ளப் பெயர் கொடுப்பவர்களிடம் நிரப்பி வாங்கும் படிவம் அது.

"மிஸ், இந்தக் கேள்விய நீங்கதான் போடச் சொன்னதாம். உண்மையா?"

அவள் விரல் வைத்த இடத்தில் இப்படி இருந்தது: சுத்திகரிப்பின்போது குழாயில் இரத்தம் உறைந்ததுண்டா? எத்தனை தடவை? குடும்பத்தில் எவருக்கேனும் காலில் இரத்தம் உறைந்து வீங்கியதுண்டா?

போடச் சொன்னது நான் இல்லை, எங்கள் டொக்டர். ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தேநீர் குடித்து முடிக்கிற நேரத்தில் நுஸ்ரத்திடம் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி முடித்து, பிரசவ வாட்டிலும் சத்திரசிகிச்சை வாட்டிலும் பல வருடம் நின்று, பிறகுதான் இரத்தச் சுத்திகரிப்புக்கு வந்தவள். அப்போது எங்களிடம் மூன்று மெஷின்கள். வயல் பக்கத்து ஊர்களிலிருந்து விவசாயிகள் வந்துகொண்டே இருப்பார்கள். கட்டில் காலியாவதற்குள் அடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பார்.

அந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளியின் இரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, ஆயிரக்கணக்கான மெல்லிய நார்க்குழாய்கள் உள்ள ஒரு வடிகட்டிக்குள் ஓடி, கழிவு நீங்கித் திரும்பவும் உடம்புக்குள் போகும். நாலு மணித்தியாலம். இரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்தால் உறையத்தான் பார்க்கும். அதைத் தடுக்க ஹெபரின் என்ற மருந்தைக் கொடுப்போம். எல்லாம் சரியாக நடந்தால், கடைசியில் உப்புநீர் விட்டு இரத்தத்தைத் திருப்பி அனுப்பும்போது வடிகட்டி வெள்ளையாகிவிடும். உறைந்தால் நார்களில் கறுப்புக் கோடுகள் விழும், மெஷின் சத்தம் போடும், குழாய்க்குள் கிடக்கிற ஒரு கோப்பை இரத்தத்தை எறிய வேண்டியதுதான்.

கமலா ரீச்சருக்கு அப்படித்தான் நடந்தது. கல்முனைக்குப் பக்கத்துத் தமிழ்க் கிராமமொன்றில் கணிதம் படிப்பித்தவர். கட்டிலில் கிடந்தபடியே பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவார். ஊசி குத்தாத கையில் சிவப்புப் பேனா இருக்கும். அவருடைய குழாய் உறைந்துகொண்டே இருந்தது. முதல் தடவை உறைந்தபோது, குழாயில் காற்று இருந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை, அன்று வேலையில் நின்ற சின்னத் தாதியை எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். "உப்புநீர் விட்டுக் கழுவாம எப்புடி மாட்டின?" என்று கேட்டேன். அவள் கண் கலங்கி, "கழுவினேன் மிஸ்" என்றாள். நான் நம்பவில்லை. மூன்றாம் தடவை நானே மாட்டினேன். அதுவும் உறைந்தது.

ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் "குழாய் உறைந்தது, மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அப்போது எங்களுக்கென்று சிறுநீரக நிபுணர் இல்லை, மாதம் ஒருமுறை ஒருவர் வந்துபோவார். அவர் முன்னால் ஏட்டை நீட்டுவேன், அவர் புரட்டுவார், போய்விடுவார். வாயைத் திறந்து, "இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நம் வேலை சரியில்லை என்று வந்துவிடுமோ என்ற பயம். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ரீச்சருக்கு அவருடைய தம்பி சிறுநீரகம் கொடுத்தார். வெளியூரில் சத்திரசிகிச்சை. முதல் நாள் சிறுநீர் நன்றாக வந்தது என்று தம்பி தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னார். மூன்றாம் நாள், பொருத்திய சிறுநீரகத்தின் நாளத்தில் இரத்தம் உறைந்து, அது கறுத்துப் போய்விட்டது. எடுத்துவிட்டார்கள். ரீச்சர் பழைய கட்டிலுக்கே திரும்பி வந்தார். சிவப்புப் பேனாவைப் பிறகு காணவில்லை. ஒரு வருடத்துக்குள் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வருடம்தான் எங்களுக்கு நிரந்தரமாக ஒரு சிறுநீரக டொக்டர் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். நாங்கள் மெடம் என்போம். வந்த முதல் கிழமையிலேயே ஒரு கொப்பி வாங்கித் தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். நோயாளிகளிடம் அந்தத் தமிழில்தான் கதைப்பார். சிலசமயம் "வயிறு நோகுதா" என்பதற்குப் பதில் "வயிறு அழுகுதா" என்று கேட்டு வாட்டே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வேலையில் அவருக்கொரு முறை இருந்தது. ஏட்டை முதலில் பார்க்க மாட்டார். கட்டிலடியில் நின்று, "சொல்லுங்க" என்பார். நாம் சொல்லி முடித்ததும், "கண்டதா, கேட்டதா?" என்பார். நீ உன் கண்ணால் பார்த்தாயா, வேறு யாரும் சொல்லிக் கேட்டாயா என்பது அதன் கருத்து. கேட்டது என்றால் சொன்னவரைக் கூப்பிடுவார், அவர் துப்புரவு செய்பவராக இருந்தாலும் சரி. கண்டது என்றால், எழுதும்போது யார் கண்டது என்று பெயரையும் சேர்த்து எழுதுவார். ஒருநாள் ஒரு நோயாளியின் கால் வீக்கத்தைக் கவனித்தது தேநீர் கொண்டுவரும் பெண். அவருடைய பெயரும் ஏட்டில் ஏறியது. அந்தப் பெண் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனார். மெடம் யாரையும் சத்தம் போட்டு ஏசி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார், அவ்வளவுதான்.

அப்படியொரு காலத்தில் அன்சார் வந்தார்.

பாலமுனைக்காரர், முப்பத்துநாலு வயது. மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி வீட்டில் இருந்தார். மனைவி றிஸானா, ஒரு மகள், ஒரு மகன். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, கழுத்தில் குழாயோடு வந்தார். சுத்திகரிப்புக்கு ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு முறை இரத்தக்குழாய் இணைத்துப் பார்த்திருக்கிறார்கள், இரண்டும் அடைத்துவிட்டன. கட்டிலில் படுத்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், இந்தப் பம்ப் ஒரு நிமிசத்துக்கு எவ்வளவு இழுக்கும்?"

இருநூறு மில்லிலீற்றர் என்றேன். "அப்ப என்ட எஞ்சினுக்குக் கிட்டவும் வராது" என்று சிரித்தார்.

ஒன்றரை மணித்தியாலத்தில் மெஷின் கத்தியது. வடிகட்டியில் கறுப்புக் கோடுகள்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஹெபரினை ஒன்றரை மடங்காகக் கொடுத்தோம். இரண்டு மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை இரத்தம் வீண். ஆள் வெளிறிக்கொண்டு வந்தார். வெளியார் இரத்தம் ஏற்றலாம்தான். ஆனால் அடிக்கடி ஏற்றினால் பிறகு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கஷ்டமாகும்.

நாலாம் நாள் நான் இரண்டு வேலை செய்தேன். அன்சாருக்குக் கொடுத்த அதே போத்தலிலிருந்து பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஹெபரின் கொடுத்தேன். முடிந்து ஊசியை எடுத்தபோது அவருக்கு இரத்தம் நிற்க வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆக, மருந்தில் பிழையில்லை. அடுத்தது, ஒரு பழைய சோதனை. நாங்கள் பயிற்சியில் படித்தது, மெஷின்கள் வந்தபின் யாரும் செய்வதில்லை. ஹெபரின் கொடுக்குமுன் அன்சாரின் கையிலிருந்து கொஞ்ச இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, உடம்புச் சூடு குறையாமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன். அரை நிமிடத்துக்கொருதரம் மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஏழாவது நிமிடத்தில் குழாயைக் கவிழ்த்தேன், இரத்தம் அசையவில்லை. அது சாதாரணம். பிறகு ஹெபரின் கொடுத்து, சற்றுப் பொறுத்து இன்னொரு குழாய் எடுத்தேன். இருபது நிமிடத்துக்கு மேல் தண்ணீர்போல ஓட வேண்டிய இரத்தம். ஒன்பதாவது நிமிடத்தில் உறைந்துவிட்டது.

அன்சார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மிஸ், நல்லதா, கெட்டதா?"

"தெரியல்ல தம்பி. ஆனா இதுல ஏதோ இரிக்கு."

மெடம் வந்தார். கட்டிலடியில் நின்று, "சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன்: "மெடம், இவர்ர இரத்தம் ஹெபரினுக்கு அடங்குதில்ல. நாங்க மாட்டுற பிழை இல்ல. மருந்திலயும் பிழை இல்ல."

"கண்டதா, கேட்டதா?"

"கண்டது" என்று இரண்டு குழாய்களையும் கையில் கொடுத்தேன்.

அவர் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அன்சாரிடம் திரும்பி, முன்பு எப்போதாவது கால் வீங்கியதா என்று கேட்டார்.

"ஓம் மெடம். இருவத்திரண்டு வயசுல இடது கால் தொடை வரைக்கும் வீங்கின. யானக்கால் எண்டாங்க, பிறகு வாதம் எண்டு எண்ணெ பூசின. மூணு மாசத்துல வத்திற்று."

"வேற ஆருக்கும்?"

"ராத்தாவுக்கும் புள்ள கெடச்ச பிறகு வீங்கினதாம்."

அடுத்த தடவை ஹெபரின் கொடுக்குமுன் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பும்படி மெடம் அன்றைக்கே சொன்னார். ஏட்டில் என் பெயரை எழுதினார். நான் வெளியே போய்க் கை கழுவும் இடத்தில் நின்று அழுதேன். கமலா ரீச்சரைப் பற்றி மெடமிடம் அன்று பின்னேரம்தான் சொன்னேன், ஏசப்பட்ட சின்னத் தாதி உட்பட எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அவங்களுக்கும் இதேதான் எண்டு இப்ப சொல்ல ஏலாது, மிஸ். தெரியாததை நீங்க தலையில வெக்க வேணாம். ஆனா அந்தத் தாதிக்கு ஒரு சொல் சொல்லுங்க." அவள் அப்போது மாற்றலாகிப் பொத்துவிலில் இருந்தாள். தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "நான் எப்பவோ மறந்துட்டன் மிஸ்" என்றாள். மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

கொழும்பிலிருந்து முடிவு வரச் சில கிழமைகள் பிடித்தன. அதுவரை அடிக்கடி உப்புநீர் விட்டுக் குழாயைக் கழுவி, ஒரு மணித்தியாலம் ஒரு மணித்தியாலமாக ஓட்டினோம். இரத்தத்தில் அன்டித்ரொம்பின் என்றொரு பொருள் இருக்கிறது. இரத்தம் அளவுக்கு மிஞ்சி உறையாமல் அதுதான் காவல். அன்சாருக்கு அது பாதிக்கும் குறைவு. பிறவியிலேயே. மிக அரிதாகக் காணும் குறை. அவருடைய சிறுநீரகங்களும் நாளங்களில் இரத்தம் உறைந்துதான் கெட்டிருக்க வேண்டும் என்றார் மெடம். மெடம் அவருக்கு இப்படி விளங்கப்படுத்தினார்: ஹெபரின் தானாக ஒன்றும் செய்யாது, அந்தக் காவலைத் தட்டி எழுப்பி வேலை வாங்குவது மட்டும்தான் அதன் வேலை. காவலே இல்லாத இடத்தில் அது யாரை எழுப்பும்?

அன்சார் யோசித்தார். "மாடு இல்லாத ஏருக்குப் பின்னால நிண்டு சாட்டைய வீசின மாதிரி."

மெடம் அந்த வாக்கியத்தை என்னிடம் இரண்டு முறை கேட்டு விளங்கிக்கொண்டு கொப்பியில் எழுதினார்.

அடுத்த முறை சுத்திகரிப்புத் தொடங்குமுன் பிளாஸ்மா ஏற்றினோம். தானம் கொடுத்தவர்களின் இரத்த நீர் அது, அந்தக் காவல் அதற்குள் இருக்கும். பிறகு வழமையான அளவு ஹெபரின். ஒரு மணித்தியாலம், இரண்டு, மூன்று. நான் வேறு கட்டிலுக்குப் போனாலும் கண் அன்சாரின் வடிகட்டியில்தான். நாலு மணித்தியாலம் முடிந்து உப்புநீர் விட்டேன். வடிகட்டி பால் வெள்ளையாக வந்தது. அன்சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஃபில்டர் கிளீன்" என்றார்.

ஆனால் கிழமைக்கு இரண்டு தடவை பிளாஸ்மா ஏற்றி எத்தனை காலம் ஓட்டுவது? மாற்றுச் சிறுநீரகம் என்ற கதை வந்தது. அன்சார் ராத்தா என்று கூப்பிடும் அக்காள் ஹாஜறா, நாற்பது வயது, கேட்டதும் ஓடி வந்தார். இரத்த வகை பொருந்தியது. மற்றச் சோதனைகளும் பொருந்தின. அன்டித்ரொம்பின் சோதனை மட்டும் கடைசியாக வந்தது. அவருக்கும் பாதிக்கும் குறைவு.

மெடம் அதைச் சொன்ன நேரம் ஹாஜறாவுக்குத் தன்னைப் பற்றிய கவலையே வரவில்லை. "எனக்கு என்ன வந்தாலும் பரவால்ல மெடம், நீங்க எடுங்க. நான் எழுதித் தாறன்."

"எடுத்தா உங்களுக்கும் ஆபத்து. உங்கட தம்பிக்கும் அது நல்ல கிட்னி இல்ல."

"அப்ப நான் என்னத்துக்கு மெடம் அவனுக்கு ராத்தா?"

மெடம் ஹாஜறாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கும் ஒரு ஏடு திறந்தார். இனி ஏதாவது சத்திரசிகிச்சையென்றாலும் கால் முறிந்து படுக்க வேண்டி வந்தாலும் இந்தத் துண்டைக் காட்ட வேண்டும் என்று ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். கொடுக்க வந்தவர், தனக்கு இப்படியொன்று இருப்பதை அறிந்துகொண்டு போனார்.

அப்போதுதான் றிஸானா முன்னுக்கு வந்தார். அதிகம் கதைக்காத பெண். கட்டிலருகில் இருந்து அன்சாரின் காலை அமுக்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். "என்டதப் பாருங்க" என்றார். இரத்த வகை ஒன்றே. பிள்ளை பெற்ற மனைவியின் உடம்பில் கணவனுக்கு எதிரான பொருட்கள் சிலசமயம் உருவாகியிருக்கும், ஆனால் மனைவி கொடுக்கும்போது அதனால் பிரச்சினை இல்லை, வாங்குகிற கணவனின் உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று மெடம் விளங்கப்படுத்தி, இருவர் இரத்தத்தையும் கலந்து பார்க்க அனுப்பினார். பொருந்தியது.

றிஸானாவின் வாப்பா சம்மதிக்கவில்லை. நல்ல மனிதர், வயல்காரர். பிரிவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "மிஸ், வீட்டக் குடுத்தன். வயல்ல பங்கு குடுத்தன். அதெல்லாம் போனா வரும். இது என்ட ஒரே மகள். அந்த ரீச்சர்ர கிட்னி மூணாம் நாள் செத்ததாம். ஊருக்கே தெரியும். என்ட புள்ளடதும் செத்தா, ரெண்டு பேரும் படுக்கையில. புள்ளயளப் பாக்கிற ஆரு?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. 

மெடம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு றிஸானாவை உட்கார வைத்தார். மொழிக்காக என்னை மட்டும் வைத்துக்கொண்டார். "இது நீங்க விரும்பினதா, ஆரும் சொன்னதா?"

"நான் விரும்பினது."

"இவருக்கு உள்ள குறை உங்களுக்குத் தெரியும். எங்களால முடிஞ்ச எல்லாம் செய்வோம். ஆனா உங்கட கிட்னி ஒரு நாள்ல செத்துப் போகவும் ஏலும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

றிஸானா உடனே சொன்னார்: "செத்தாலும் எனக்கு ஒண்டு மிச்சம் இரிக்குதானே மெடம். அவருக்குத்தானே ஒண்டும் இல்ல." பிறகு, "வாப்பாட்ட நான் கதைக்கிறன்" என்றார்.

எப்படிக் கதைத்தாரோ தெரியாது. சத்திரசிகிச்சைக்காகக் கண்டிக்குப் போன வான் வண்டியின் முன் சீற்றில் இருந்தவர் அந்த வாப்பாதான்.

மெடம் கடிதம் எழுதி என்னையும் இரண்டு கிழமைக்கு அந்தச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். "அவரட இரத்தம் உங்களுக்குத்தான் தெரியும்" என்பது அவர் சொன்ன காரணம். அங்கே சத்திரசிகிச்சைக்கு முதல்நாளே பிளாஸ்மா தொடங்கியது. அந்தக் காவல் பொருளின் அளவை அடிக்கடி சோதித்து, குறையக் குறைய நிரப்பினார்கள். றிஸானாவின் சிறுநீரகம் பொருத்தி நாளங்களைத் திறந்துவிட்டதும், மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கியதாம். அது கேட்டது. நான் கண்டது, வாட்டுக்கு வந்தபின் பையில் ஏறிக்கொண்டிருந்த அளவு. மணித்தியாலத்துக்கு இருநூறு, இருநூற்றைம்பது. சில மணித்தியாலம் கழித்து ஹெபரின் மிக மெல்லமாகத் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள். ரீச்சருக்கு நடந்ததும் மூன்றாம் நாள்தான். காலையில் எழும்பும்போதே அது என் நெஞ்சில் இருந்தது. மதியத் தொழுகையான லுஹருக்குச் சற்று முன், மணித்தியாலச் சிறுநீர் அறுபதுக்கு இறங்கியது. அடுத்த மணித்தியாலம் இருபது.

அன்சார், "மிஸ், வலது பக்கம் ஒரு பாரம். யாரோ கல்லு வெச்ச மாதிரி" என்றார்.

அந்த நேரத்தில் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சிறுநீரகத்தின் நாளத்தில் இரத்தம் உறைகிறது. அப்படியானால் ஹெபரினைக் கூட்ட வேண்டும். மற்றது, உள்ளே இரத்தம் கசிந்து தேங்கிச் சிறுநீரகத்தை நெருக்குகிறது. அப்படியானால் ஹெபரினை நிறுத்த வேண்டும். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்கு நஞ்சு. இப்படிப்பட்ட இரத்தக்காரர் என்பதால் எல்லோருடைய மனமும் உறைவு என்ற பக்கமே போனது. ஓடிவந்த இளம் டொக்டர் ஹெபரினைக் கூட்டுவதற்குப் பம்பில் கை வைத்தார்.

நான் அன்சாரின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளிறியிருந்தது. நாடி நூற்றிருபது. காலையில் தளர்வாக இருந்த வலது அடிவயிறு கைக்கு இறுகலாக இருந்தது. என் சிங்களம் வாட்டுச் சிங்களம். அங்கே நான் விருந்தாளி, வெளியூர்த் தாதி. ஒரு நொடி நின்றேன். பிறகு டொக்டரின் கைக்கு மேல் என் கையை வைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "டொக்டர், கூட்ட வேண்டாம். இது இரத்தக் கசிவு மாதிரி இருக்கிறது. கண்ணைப் பாருங்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். ஆனால் தொட்டுப் பார்த்தார். கை அங்கேயே நின்றது. பெரிய சத்திரசிகிச்சை டொக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்ததும் நான் கண்டதை மறுபடி வரிசையாகச் சொன்னேன். ஸ்கேன் மெஷினைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார்கள். திரையில் நாளத்துக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, உறையவில்லை. சிறுநீரகத்தைச் சுற்றிலும் கறுப்பாக ஒரு தேக்கம்.

ஹெபரினை நிறுத்தி, திரும்பவும் மேசைக்குக் கொண்டுபோனார்கள். நான் வெளியே வாங்கில் இருந்தேன். றிஸானாவின் வாப்பா பக்கத்தில் இருந்தார். என்ன நடக்கிறது என்று சொன்னேன். அவர் எழுந்து போய்க் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து, அந்த நடையோடையின் மூலையில் தொழுதார்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். ஒரு சின்ன நாளம் கசிந்திருக்கிறது, கட்டிவிட்டோம், தேங்கியதை எடுத்ததும் சிறுநீரகத்தின் நிறம் திரும்பிவிட்டது என்றார். வாப்பாவுக்கு நான் தமிழில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "புள்ளட கிட்னி?" உயிரோடு இருக்கிறது என்றேன்.

பெண்கள் வாட்டில் படுத்திருந்த றிஸானாவிடமும் போய்ச் சொன்னேன். எழும்ப முடியாத நிலை. தலையை மட்டும் திருப்பி, "ஹாஜறா ராத்தாக்குச் செல்லுங்க மிஸ், அவ அங்க சாப்பிடாமக் கிடப்பா" என்றார்.

மறுநாள் பாதி அளவில் ஹெபரின் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு பெரிய சிக்கல் வரவில்லை. இரண்டு கிழமை கழிந்து, இரத்தம் உறையாமல் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய குளிசையோடு அன்சார் பாலமுனைக்குத் திரும்பினார். அந்தக் குளிசை கூடினால் இரத்தம் ஒழுகும், குறைந்தால் உறையும். அதனால் அடிக்கடி இரத்தச் சோதனை. எஞ்சின் திருத்தும்போது தடித்த கையுறை போட வேண்டும். முதலில் வெட்கப்பட்டார், பிறகு பழகிவிட்டார். இன்றைக்கு ஒன்பதாவது வருடம். சிறுநீரகம் வேலை செய்கிறது, போன வருடத்திலிருந்து கொஞ்சம் களைத்துத்தான் வேலை செய்கிறது. நிரந்தரம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்சாருக்குப் பிறகு, வேறொரு வகை உறைவு நோயோடு ஒரு பெண் வந்தார். அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டாம், ஆபத்து அதிகம் என்று மெடம் சொன்னார். அந்தப் பெண் மெஷினோடு ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் ஒரே முடிவு வருவதில்லை.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று மெடம் சொன்னார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கும் வராமல் விடுவதற்கும் சரிபாதி வாய்ப்பு. அன்சார் மறுத்துவிட்டார். அவ்வளவும் தாங்கிய மனிதர், இதற்கு மட்டும் பயந்தார். "வேணாம் மிஸ். தெரியாம இரிந்தா நிம்மதியா இரிப்பம். பொம்புளப் புள்ள, நாளைக்குக் கலியாணம் எண்டு வந்தா ஊர் என்ன கதைக்கும்?"

றிஸானா அவர் பக்கம் திரும்பினார். "ஊர் கதைக்கும், பிறகு விட்டுரும். ஒங்கட கால் வீங்கின நேரம் ஆராவது சோதிச்சிருந்தா ஒங்களுக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காதே. புள்ளயளுக்கும் எண்ணெ பூசிக்கிட்டா இரிக்கச் செல்லுறீங்க?"

சோதித்தோம். மகனுக்கு இல்லை. மகள் சஹ்றாவுக்கு இருந்தது. பதினைந்து வயது. தன்னிடம் மறைக்கக் கூடாது என்று அவளே கேட்டுக்கொண்டதால், கிளினிக் வாங்கில் அவளை நடுவில் வைத்து றிஸானாவே சொன்னார். இப்போது மருந்து ஒன்றும் தேவையில்லை. தூரப் பயணம், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு என்று வந்தால் முன்கூட்டியே ஊசி போட்டால் போதும். கால் வீங்கினால் ஒரு நாளும் சுணங்கக் கூடாது. நானும் பக்கத்தில் நின்று, விட்டதைச் சேர்த்துச் சொன்னேன்.

சஹ்றா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். அங்கே தழும்பு இருப்பது அவளுக்குத் தெரியும்.

"அப்ப எனக்குக் கிட்னி பழுதாப் போனா ஆரு தாற உம்மா? ஒங்ககிட்ட ஒண்டுதானே மிச்சம்."

அன்சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். றிஸானா மகளின் நெற்றியில் சரிந்திருந்த ஸ்கார்ஃபைச் சரிசெய்தார்.

"ஒனக்கு ஆரும் தரத் தேவப்படாது மகள்" என்றார். "அதுக்குத்தான் இப்பவே சோதிச்ச."